டிக்கி வண்டி முத்துராணி

பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "முதல்ல நீங்க இருங்க மைனி" என்கிறாள் முத்துராணி. கார் வாங்க வந்தவர் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் முன்பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். அவரை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் மனைவி பின்சீட்டில் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்து, கைப்பையை எங்கே வைப்பது என்று தேடி, காலை நீட்டி மடக்கி, கூரை தலையில் இடிக்கிறதா என்று நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து முடிக்கும்வரை அவள் வாயே திறப்பதில்லை. முன்னால் இருப்பவர் தானாகவே எதையெதையோ அமுக்கி வைப்பரை ஓடவிட்டு, நிறுத்தத் தெரியாமல் முழித்துக்கொண்டிருப்பார்.

"வண்டியை வாங்குதது முன் சீட்டு. வேண்டாம்னு சொல்லுதது பின் சீட்டு" என்பாள் கேட்டால்.

வண்ணார்பேட்டை பைபாஸ் சாலையில், நம் நாட்டுக் கம்பெனி ஒன்றின் கார் ஷோரூமில் விற்பனை பார்க்கிறாள் முத்துராணி. வயது நாற்பத்தைந்தை ஒட்டி இருக்கும். கம்பெனி கொடுத்த நீலக் கோட்டைச் சேலைக்கு மேல் மாட்டியிருப்பாள். கோட்டுப் பையில் சீப்பும் ஊக்கும் எப்போதும் உண்டு. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் இருந்தாள். அங்கே கற்ற வித்தையை இங்கேயும் விடவில்லை. "மடிச்சு வச்சா அது துணி. விரிச்சுப் போட்டாத்தான் சேலை" என்று சொல்லிக்கொண்டே, வாடிக்கையாளர் வாசலில் கால் வைக்கும்போதே நான்கு கதவுகளையும் டிக்கியையும் திறந்துவிடுவாள். கண்ணாடி அறைக்குள் கார் இறக்கை விரித்த கோழி மாதிரி நிற்கும்.

அவள் விற்பது டிக்கி வைத்த வண்டியை மட்டும்தான். ஒரு குடும்பம் ஏறி, பெட்டிகளைப் பின்னால் போட்டு மூடிவிட்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரியான கார். இப்போது ஊரெல்லாம் உயரமான வண்டிகள்மேல் மோகம். அந்தப் பக்கம் போகச் சொன்னால் அவள் முகம் சுளிக்கும். "அது தானா விக்குது. அதுக்கு முத்துராணி எதுக்கு? மலையேறப் போறவன் மாதிரி ஏறி உக்காந்து, முக்குக்கடையில பால் வாங்கிட்டு வருதான்." இதனால் ஷோரூமில் அவளுக்கு 'டிக்கி வண்டி' என்றே பெயர். அவளுக்கு அது தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஷோரூம் இருக்கிறது. அதன் பெயரை முத்துராணி உச்சரித்து யாரும் கேட்டதில்லை. அவளுக்கு அது 'அக்கரை'. அங்கே நிற்பதெல்லாம் 'அக்கரை வண்டி'. வாடிக்கையாளர் யாராவது, "எதிர்த்தாப்ல போய்ப் பாத்துட்டு வந்திருதோம்" என்றால், "பாருங்க பாருங்க. இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சும்மாவா சொன்னாவ" என்று சிரித்தபடி வாசல்வரை வந்து வழியனுப்புவாள். அவர்கள் சாலையைக் கடக்கும்வரை அந்தச் சிரிப்பு இருக்கும்.

அக்கரையில் டிக்கி வண்டி விற்பவன் ஷிபின். மார்த்தாண்டத்துக்காரன், முப்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, யார்மேலும் கோபமே வராத முகம். இருவரும் தினமும் ஒரே டீக்கடையில்தான் டீ குடிப்பார்கள். வாடிக்கையாளர்களைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். மற்றபடி ஷிபினுக்குப் பெண் பார்க்கும் விவகாரம் முழுவதும் முத்துராணிக்கு அத்துபடி.

இப்படியிருக்கும்போது ஒருநாள் அவளுக்கு அக்கரை வண்டியில் ஒருமுறை ஏறிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஷிபின் விடுப்பு சொல்லியிருந்த நாளாகப் பார்த்து, கணவர் சிவசைலத்தைக் கிளப்பினாள். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். அன்று அவர் ஸ்ரீவைகுண்டத்து வாழைக்காய் வியாபாரி. வேட்டி, வெள்ளைச் சட்டை, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய தங்க முலாம் கடிகாரம்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நான் கேக்குதேன். நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க" என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள். மனிதர் வேஷம் கட்டியதும் வேறு ஆளாகிவிட்டார். டிக்கியைத் திறக்கச் சொல்லி, உள்ளே தலையை விட்டு, "எத்தன தார் ஏறும்?" என்றார். விற்பனைப் பையன் திகைத்தான். "சார், இது குடும்பத்துக்கான வண்டி." "ஏன், எங்க குடும்பத்துல வாழைத்தார் கிடையாதா?" என்றார் சிவசைலம், லைன்மேன் வேலையில் ஒருநாளும் வெளிப்படாத மிடுக்கோடு. முத்துராணி அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

பிறகு இருவரும் அந்தக் காரில் போய்வந்தார்கள். வண்டி சத்தமே போடவில்லை. பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் பின்சீட்டில் இருப்பவருக்குச் சேதி வந்து சேரவில்லை. இறங்கிக் கதவைச் சாத்தினாள். 'தொப்' என்று அடக்கமாக மூடிக்கொண்டது. திறந்து மறுபடியும் சாத்தினாள். மறுபடியும் அதே அடக்கம்.

ஷோரூம் வாசலில் ஷிபின் இரண்டு தம்ளரில் சர்பத்தோடு நின்றான். விடுப்பை அன்று காலைதான் ரத்து செய்திருந்தான். "எங்க வண்டி எப்படி எக்கா? அண்ணாச்சிக்குப் பிடிச்சிருக்கா, கேளுங்க" என்றான், சிரிக்காமல். சிவசைலம் சர்பத்தைக் குடித்தார். முத்துராணியும் வேறு வழியில்லாமல் குடித்தாள்.

திரும்பி வந்ததும் தன் வண்டியின் கதவைச் சாத்திப் பார்த்தாள். பிறகு மேலாளர் மணிராஜிடம் போய், "தம்பி, நம்ம கதவைச் சாத்துனா தகரக்கடை. அவங்க கதவைச் சாத்துனா நகைக்கடை" என்றாள். மணிராஜ் அவளைவிடப் பத்து வயது இளையவர். வாடிக்கையாளர் முன்னால் அவள் அவரை சார் என்பாள், மற்ற நேரத்தில் தம்பிதான். "அக்கா, அதையெல்லாம் எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? நானா கதவு செய்யுதேன்?" என்றார் அவர்.

அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அப்படியானால் கதவு செய்கிறவன் யார்?

கதவைவிடப் பெரிய வியாதி ஒன்று அவள் வண்டிக்கு உண்டு. மேடு ஏறி இறங்கியதும் டேஷ்போர்டுக்குள்ளிருந்து, டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம் வரும். கொஞ்ச தூரம் குலுங்கிவிட்டு அடங்கும். அடுத்த மேட்டில் மறுபடியும் ஆரம்பிக்கும். வாடிக்கையாளரைச் சோதனை ஓட்டத்துக்குக் கூட்டிப்போகும்போது எந்தெந்த மேட்டில் அது பேசும் என்று முத்துராணிக்கு மனப்பாடம். அந்த இடம் வரும்போது, "உங்க மக என்ன படிக்குதா?" என்று உரக்கக் கேட்பாள். மகள் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்ல ஆரம்பித்த எந்தத் தகப்பனின் காதிலும் வேறு சத்தம் விழுந்ததில்லை. விற்ற பிறகு, வண்டியைக் கொடுப்பதற்கு முன், மெக்கானிக் இசக்கியை விட்டு உள்ளே வெல்வெட்டுத் துணியைத் திணித்துவிடுவாள். ரவிக்கைத் துணி. அவள் விற்ற வண்டி எதுவும் கத்தாது. ஆனால் சோதனை ஓட்ட வண்டியைப் பிரிக்கக் கம்பெனி அனுமதிப்பதில்லை. அது கத்திக்கொண்டேதான் இருந்தது.

கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். 'எங்கள் சோதனைச் சாலையில் அப்படியொரு சத்தம் வரவில்லை' என்று பதில் வந்தது.

அப்போதுதான் அவளுக்குத் திருஞானசம்பந்தத்தின் ஞாபகம் வந்தது. சென்னைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பொறியாளர். முன்பு ஒருமுறை பயிற்சி கொடுக்க வந்தவர், முடிக்கும்போது, "எந்தச் சந்தேகம்னாலும் கூப்பிடுங்க" என்று தன் கைபேசி எண்ணைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "எல்லாரும் சும்மா சொல்லுத வார்த்தைதான். அவரு பாவம், நம்பரையும் சேத்துச் சொல்லிட்டாரு" என்றாள் முத்துராணி.

அன்று முதல் தினமும் காலையில், மற்றவர்கள் பூப்படமும் பொன்மொழியும் அனுப்பும் நேரத்தில், திருஞானசம்பந்தத்தின் கைபேசிக்கு ஒரு குரல்பதிவு போயிற்று. பதிவில் குரல் இருக்காது. புளியங்கொட்டைச் சத்தம் மட்டும் இருக்கும். கீழே 'வணக்கம் சார், இனிய காலை' என்று எழுதியிருப்பாள். இடையில் ஒரு மாறுதலுக்காகக் கதவு சாத்தும் சத்தத்தையும் அனுப்பினாள். தகரக்கடை ஒன்று, நகைக்கடை ஒன்று. நகைக்கடைச் சத்தத்தை அவளுக்குப் பதிவு செய்து கொடுத்தவன் ஷிபின்தான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

சென்னையிலிருந்து ஒரு பதிலும் இல்லை. இந்த நிலையில் மணிராஜ் ஒருநாள் அவளை அறைக்குக் கூப்பிட்டார். "அக்கா, மண்டல ஆபீஸ்ல சொல்லிட்டாவ. இந்த மாசம் ஒரு டிக்கி வண்டியாவது போகலைன்னா, இங்கன நிக்கிறதை மதுரைக்கு ஏத்திருவாவ. இனிமே நம்ம கிளைக்கு அது கிடையாது. நீங்க உயர வண்டி பக்கம் வந்திருங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது."

"வேலைக்கு வராதுன்னு எனக்கும் தெரியும் தம்பி" என்றாள் முத்துராணி. வெளியே வந்து, காரின் பின்கண்ணாடியில் இல்லாத தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

காயல்பட்டினத்துக் குடும்பம் வந்தது அதற்கு அடுத்த வாரம். அம்மார், அவர் மனைவி மர்வா, அம்மாரின் தகப்பனார் தாஜ் முகம்மது. அம்மார் துபாயில் பல வருடம் இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். அங்கே அவர் ஓட்டியதெல்லாம் அக்கரை வண்டி. இங்கும் அதைத்தான் வாங்குவதாக முடிவு செய்து எதிர்க்கடைக்குத்தான் வந்தார். ஆனால் நிறுத்த இடமில்லாமல் இந்தப் பக்கம் ஆட்டோவை விட்டு இறங்க, பின்கதவைத் திறந்து பிடித்தபடி முத்துராணி நின்றாள்.

"வாப்பாக்கு முட்டு வலி. உயர வண்டியில ஏற ஏலலை. அதனாலதான் டிக்கி வண்டி பாக்கோம்" என்றார் மர்வா. முத்துராணிக்கு உள்ளுக்குள் மத்தாப்பு கொளுத்தினாற்போல் இருந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "அப்போ ரெண்டையும் பாத்துருங்க. நீங்க ஊருக்குப் போற ரோட்டுலேயே ஓட்டிப் பாருங்க. அந்தத் தம்பியும் வரட்டும், நானும் வாரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. போகும்போது அக்கரை வண்டி, வரும்போது இக்கரை வண்டி. இரண்டையும் அம்மாரே ஓட்டுவார். முன்சீட்டில் தாஜ் முகம்மது. பின்னால் ஒரு ஓரம் மர்வா, மறு ஓரம் ஷிபின், நடுவில் முத்துராணி மதில்போல. இன்னொரு காரை இசக்கி பின்னால் ஓட்டிவந்தான்.

பாளையங்கோட்டை தாண்டி, திருச்செந்தூர் சாலையில் அக்கரை வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். அம்மார் ஒற்றைக் கையால் ஓட்டினார். "இதுதான் வண்டி" என்றார். மர்வா சீட்டில் சாய்ந்து, "நல்ல சொகமாத்தான் இருக்கு" என்றார். ஷிபின் சொல்ல வேண்டியதை வண்டியே சொல்லிக்கொண்டிருந்தது.

கருங்குளம் கடந்ததும் முத்துராணி, "தம்பி, இப்படி வாய்க்கா ரோட்டுல திருப்புங்க. காத்து நல்லாருக்கும்" என்றாள். ஷிபின் அவளைத் திரும்பிப் பார்த்தான். வாய்க்கால் ஓரமாக ஒரு சிற்றூர். அங்கே எப்போதோ ஒரு ஆடு அடிபட்டதும் ஊர்க்காரர்களே சிமெண்டைக் கொட்டி ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். வேகத்தடை என்பது மரியாதைக்குச் சொல்வது. வயல் வரப்பைக் கொண்டுவந்து சாலையில் படுக்கப் போட்டதுபோல் இருக்கும். ஐந்து பேரைச் சுமந்த அக்கரை வண்டி அதன்மேல் பைய ஏறியது. இறங்கும்போது அடிவயிற்றில் 'கரக்' என்று ஒரு நீளமான உரசல். அம்மாரின் இன்னொரு கையும் ஸ்டியரிங்குக்கு வந்தது.

"எந்த வண்டியும் இதுல இடிக்கும்" என்றார் அவர்.

"இடிக்கட்டும் தம்பி. பெரிய இடத்து வண்டி, உரசுனா என்ன" என்றாள் முத்துராணி.

"காத்து நல்லாத்தான் இருக்கு எக்கா" என்றான் ஷிபின்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் நிறுத்தி இறங்கினார்கள். தாஜ் முகம்மதுவுக்கு வண்டி தாழ்ந்திருந்தது. மகன் ஒரு கையையும் ஷிபின் ஒரு கையையும் பிடித்துத் தூக்கினார்கள். ஆற்றில் தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. கிழவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முத்துராணியின் காருக்குப் போனார். நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார். சும்மா ஒருமுறை தானாகவே எழுந்து இறங்கினார். மறுபடி உட்கார்ந்தார். "இது நமக்குத் தோதா இருக்கு" என்றார். முத்துராணி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எதுவும் காதில் விழாதவள்போல்.

திரும்பும் வழியில் அதே வரப்பு. அவள் வண்டி உரசாமல் ஏறியது. இறங்கும் முன்பே முத்துராணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "மர்வா, உங்க மக என்ன படிக்குதா?" என்றாள்.

மர்வா வாயைத் திறப்பதற்குள் ஷிபின் முன்னால் குனிந்தான். "அண்ணே, ஏசியைக் கொஞ்சம் அணைங்க. பாட்டையும் நிறுத்துங்க. எக்கா வண்டியும் என்னமோ பேசுது, கேப்போம்."

அம்மார் இரண்டையும் நிறுத்தினார். புளியங்கொட்டை கலகலவென்று பேசியது.

"என்ன அது, எலியா?" என்றார் தாஜ் முகம்மது.

காருக்குள் எல்லோரும் முத்துராணியைப் பார்த்தார்கள். அம்மார் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடி வழியாகப் பார்த்தார். அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. ஜவுளிக்கடையில் இருந்த காலத்தில், இழை விட்ட இடத்தை உள்பக்கமாக மடித்துக் காட்டும்போது ஒரு அம்மாள் விரலை வைத்துக் கண்டுபிடித்தால் இப்படித்தான் சுடும். சிரித்து மழுப்பலாம். வேறு வண்டியில் இப்படி இருக்காது என்று சொல்லலாம். வாயில் வரிசையாக வந்து நின்ற பொய்கள் எதுவும் அந்தக் கிழவரின் முகத்துக்கு நேரே போக மறுத்தன.

"எலி இல்ல வாப்பா. கம்பெனி" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மேட்டுக்கு மேடு வரும் சத்தத்தை, வெல்வெட்டுத் துணியை, பதிலே வராத காலை வணக்கங்களை. மகள் படிப்பைக் கேட்டதன் காரணத்தையும் சொன்னாள். மர்வாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாஜ் முகம்மது இதற்குள் டேஷ்போர்டை அங்கங்கே தடவி, ஒரு இடத்தில் பெருவிரலை வைத்து அமுக்கினார். குண்டும் குழியுமான அந்தச் சாலையில் அம்மார் வண்டியைக் கிளப்பினார். சத்தம் இல்லை. பெரியவர் விரலை எடுத்தார், வந்தது. வைத்தார், நின்றது. கிழவருக்கு ஒரே சந்தோஷம். "இங்கன அமுத்துனா பேசாம இருக்கு, பாரு."

"வண்டி வாங்கினா உங்க பெருவிரலையும் சேத்து வாங்கணுமா வாப்பா?" என்றார் அம்மார். அவர் குரலில் கேலி இருந்தது. முடிவும் இருந்தது.

முத்துராணி கைபேசியை எடுத்தாள். எடுக்கும்போது அவளிடம் திட்டம் ஒன்றும் இல்லை. தான் மட்டும் அவமானப்படுவானேன் என்ற எரிச்சல்தான். எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"சார், வணக்கம். முத்துராணி, திருநெல்வேலி."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. "அம்மா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

"வண்டிக்கு அது தெரியலையே சார். வாப்பா, விரலை எடுங்க. கேக்குதா சார்?"

"கேக்குது."

"உங்க ரோட்டுல வரலைன்னு எழுதியிருந்தீங்க. இது எங்க ரோடு. இதுலதான் வண்டி ஓடுது. ஒரு குடும்பம் உக்காந்திருக்கு. பெரியவரு எலியான்னு கேக்காரு. நான் என்ன சொல்லட்டும்?"

திருஞானசம்பந்தம் ஏதோ சொல்ல ஆரம்பிக்கும்போது அம்மார் கையை நீட்டி, "இங்க குடுங்க" என்று கைபேசியை வாங்கினார். வண்டியை மறுபடியும் ஓரங்கட்டினார். கொஞ்சம் மரியாதையோடுதான் ஆரம்பித்தார். போகப் போகக் குரல் ஏறியது. துபாயில் ஒரு கோடைகாலம் முழுதும் அவர் காரில் ஏசி வேலை செய்யவில்லையாம். கூப்பிட்டபோதெல்லாம் ஒரு இயந்திரக் குரல் மூன்று மொழியில் நன்றி சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டதாம். அந்தக் கோடையில் சேர்த்து வைத்ததையெல்லாம் அவர் திருஞானசம்பந்தத்தின் தலையில் இறக்கினார். "பெருவிரலுக்கு நிக்கிற சத்தத்தை உங்க பேக்டரிக்கு நிறுத்தத் தெரியலையா?" என்று முடித்தபோது அவர் முகம் குளித்துவிட்டு வந்ததுபோல் தெளிந்திருந்தது.

"சார், நீங்க வண்டி வாங்கியாச்சா?" என்றது கைபேசி.

"இன்னும் இல்ல."

"வாங்காமலே இவ்வளவு திட்டுறீங்களா?"

"திட்டுனா கேக்குறதுக்கு ஆள் இருக்கான்னு பாத்துட்டுதானே வாங்கணும்."

மறுமுனையில் சிரிப்புபோல் ஒன்று கேட்டது. பிறகு, "அந்தம்மாகிட்ட சொல்லுங்க, நானே நேர்ல வரேன். காலையில மட்டும் ஒண்ணும் அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க" என்றார் திருஞானசம்பந்தம்.

அம்மார் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷிபினைப் பார்த்தார். "தம்பி, உங்க வண்டி அடி உரசுனதுக்கு நான் யாரைத் திட்டணும்?"

ஷிபின் நேர்மையாக யோசித்தான். "வாடிக்கையாளர் சேவை நம்பர் உண்டு அண்ணே. முதல்ல ஒண்ணை அமுக்கணும். பொறவு நாலை அமுக்கணும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன், தானே சிரித்துவிட்டான்.

"நம்ம ஆளுன்னா தமிழ்லயே திட்டலாம் தம்பி. அக்கரைக்காரனைத் திட்டுததுக்கு முதல்ல பாஷை படிக்கணும்" என்றாள் முத்துராணி. காதுச் சூடு இப்போது இறங்கியிருந்தது.

திருஞானசம்பந்தம் சொன்னபடி ரயிலேறி வந்தார். ஒல்லியான மனிதர். கையில் கருவிப்பை. முத்துராணி ஓட்ட, அவர் முன்சீட்டில் தலையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டுக்கொண்டு, வாய்க்கால் சாலையின் வரப்பை ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பார்த்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து, "சார்வாள் என்னத்தைத் தொலைச்சிட்டாவ?" என்று விசாரித்தாள். சிறுவிரல் நகம் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் கொக்கி, வெயிலில் இளகிப் பிடி விட்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க சோதனை ரோட்டுல இப்படியொரு மேடு இல்லையே" என்றார் அவர்.

"கட்டிருங்க" என்றாள் முத்துராணி.

கட்டிவிட்டார்கள். சென்னைத் தொழிற்சாலையின் சோதனைச் சாலையில் இப்போது அதே உயரத்தில் ஒரு மேடு இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் அதற்கு 'முத்துராணி மேடு' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். திருஞானசம்பந்தம் படம் அனுப்பியிருந்தார். "நல்லவேளை, பள்ளம் எதுக்கும் வைக்காம விட்டாவ" என்றாள் அவள். படத்தைச் சிவசைலத்திடம் மட்டும் காட்டினாள். அவர் அதை மின்வாரியம் முழுக்கக் காட்டிவிட்டார்.

புதுக் கொக்கி மாட்டிய வண்டி அம்மாருக்குப் போயிற்று. கதவு மட்டும் இன்னும் தகரக்கடைதான். அதற்கும் ஆள் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சென்னையில் சொல்கிறார்கள். இதனாலெல்லாம் அக்கரைக் கடை மூடிவிடவில்லை. அடுத்த வாரமே ஒரு டாக்டரையும் ஒரு அரிசி ஆலை முதலாளியையும் முத்துராணியின் கையிலிருந்து ஷிபின் அள்ளிக்கொண்டு போனான். ஆனால் மதுரை லாரி வந்தபோது டிக்கி வண்டியை ஏற்றவில்லை. மணிராஜே வாசலில் நின்று திருப்பி அனுப்பினார்.

வண்டியைக் கொடுத்த அன்று, படம் எடுத்து, சாவி கைமாறி, அம்மார் ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டார். தாஜ் முகம்மது காரை விட்டு இறங்கி நின்று, "மவளே, நீயும் ஏறு. முக்கு வரைக்கும் வந்துட்டு இறங்கிக்கோ" என்றார். எத்தனையோ பேரை உட்கார வைத்தவள்தான். வாங்கியவர் ஒருவர் அவளை உட்காரச் சொன்னது இதுவே முதல்முறை. வேண்டாம் என்றாள். மர்வா நகர்ந்து இடம் விட்டார். முத்துராணி நீலக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பின்சீட்டில் ஏறினாள்.

கார் பைபாஸ் சாலையில் திரும்பி எதிர்ப்பக்கமாக வந்தது. அக்கரை ஷோரூமின் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் ஷிபின் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அது முத்துராணிக்குத் தெரிந்தது. அம்மாரிடம் கொஞ்சம் பைய ஓட்டச் சொன்னாள். கார் கண்ணாடிக்கு நேரே வந்தபோது, கையசைக்காமல், அந்தப் பக்கம் திரும்பாமல், தலையைப் பின்னால் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, வண்டியின் சொகத்தில் அடித்துப்போட்டாற்போல் உறங்குகிறவளாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.